அடகு மென்பொருளில் ஆடிட் லாக்: எங்கே எழுதுவது, யார் பேரில் எழுதுவது

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு, பதினோரு கிளைகளுக்கும் சேர்த்து, மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறீர்கள். பின்னால் ஜாங்கோ (பைத்தானில் வெப் மென்பொருள் எழுத உதவும் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). டீமில் நாலு பேர். போன மாதம் அவர்களுடைய ஆடிட்டர் ஒரு கடனை எடுத்து, "அடகுச் சீட்டில் நிகர எடை 23.4 கிராம், சிஸ்டத்தில் 21.9 கிராம். யார் மாற்றியது?" என்று கேட்டிருக்கிறார். உங்களிடம் பதில் இல்லை. இப்போது ஆடிட் லாக், அதாவது யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு, சேர்க்கச் சொல்கிறார்கள். மிடில்வேரில் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் கடந்து போகும் கோடு) எழுதுவதா, டிரிக்கரா (டேபிள் மாறும்போது டேட்டாபேஸ் தானே ஓட்டும் கோடு), லைப்ரரியா, தனியாக ஒரு மாங்கோ டேட்டாபேஸா, வேகம் குறையுமா, எத்தனை வருடம் வைத்திருப்பது என்று தெரியவில்லை.

சுருக்கமான பதில்: அதே போஸ்ட்கிரெஸில் இரண்டு டேபிள். ஒன்றில் "எடை திருத்தப்பட்டது", "வட்டி தள்ளுபடி கொடுக்கப்பட்டது" என்று நடந்த காரியத்தின் பெயரோடு உங்கள் கோடு எழுதும். இன்னொன்றில் முக்கியமான டேபிள்களின் பழைய, புதிய மதிப்புகளை டிரிக்கர் எழுதும். இரண்டும் அசல் மாற்றம் நடக்கிற அதே டிரான்சாக்‌ஷனில் எழுதப்பட வேண்டும்; எல்லாம் சேர்ந்து சேமிக்கப்படும், அல்லது எதுவுமே சேமிக்கப்படாது என்ற ஒரே கட்டு அது. உங்கள் அப்ளிகேஷன் உள்ளே வரும் டேட்டாபேஸ் யூசருக்கு அந்த டேபிள்களில் சேர்க்கவும் படிக்கவும் மட்டும்தான் அனுமதி. திருத்தவும் அழிக்கவும் கிடையாது. தினமும் ஒரு நகல் வெளியே போய்விட வேண்டும். மாங்கோ வேண்டாம், காஃப்கா போன்ற தனிச் செய்தி வரிசையும் வேண்டாம்.

ஏன் இப்படி என்பதை இனி விரிவாகச் சொல்கிறேன். அவசரமாக இருந்தால் "யார்" என்பது பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் அதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீங்கள் ஏற்கெனவே ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும் லாக் உங்களுக்காக எழுதப்படுவது. எரர் வந்தால் பார்ப்பீர்கள், பத்து நாளில் அது சுழன்று அழிந்துவிடும். நடுவில் நாலு வரி காணாமல் போனாலும் யாரும் அழ மாட்டார்கள். ஆடிட் லாக் வேறொருவருக்காக எழுதப்படுவது. இரண்டு வருடம் கழித்து, உங்கள் கோடைப் பார்த்திராத ஒருவர், ஒருவேளை ஒரு வழக்கறிஞர்கூட, அதை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு மனிதரைக் கேள்வி கேட்கப் போகிறார். அது சாட்சி. சாட்சியில் ஒரு வரி விட்டுப்போனாலும் தப்பு. பொய்யாக ஒரு வரி இருந்தால் அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு, லெவலை மட்டும் மாற்றி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

டேபிள் வடிவமைக்கும் முன் அந்த ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். "உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டால் "எல்லாம்" என்பார். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "போன வருடம் நீங்கள் கேட்டு, பதில் கிடைக்காமல் போன கேள்விகள் என்ன?" என்று கேளுங்கள். நகைக்கடனில் வரக்கூடியவை ஏறக்குறைய இவைதான்: எடையை யார் திருத்தினார், கல்லுக்குக் கழித்த எடையை யார் மாற்றினார், வட்டி தள்ளுபடிக்கு யார் ஒப்புதல் கொடுத்தார், நகை திருப்பிக் கொடுத்த பிறகு கடனை மறுபடி யார் திறந்தார், ஏலப் பட்டியலிலிருந்து ஒரு கடனை யார் எடுத்தார், வாடிக்கையாளரின் போன் நம்பரை யார் மாற்றினார். கடைசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏல அறிவிப்பு வேறு நம்பருக்குப் போனால் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே நகை ஏலத்துக்குப் போய்விடும். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். லாக் எழுதி முடித்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே எஸ்கியூஎல்லில் பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டவன் நான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மிடில்வேரில் எல்லா ரிக்வெஸ்டையும் பிடித்து ஒரு டேபிளில் போட்டோம். யூஆர்எல், யூசர், நேரம், ஸ்டேட்டஸ் கோடு. இரண்டு நாளில் முடிந்த வேலை. பெருமையாக டெமோ காட்டினோம். எட்டு மாதம் கழித்து ஒரு தொகை மாறியது பற்றிக் கேள்வி வந்தது. டேபிளைத் திறந்தால் அந்த ரெக்கார்டை அந்த வாரத்தில் ஆறு பேர் சேவ் செய்திருக்கிறார்கள். ஆறுக்கும் ஸ்டேட்டஸ் 200, அதாவது வெற்றி. யார் தொகையை மாற்றினார், யார் முகவரியில் ஒரு எழுத்தைத் திருத்தினார் என்று தெரியவே இல்லை. வாசலில் கேமரா வைத்திருந்தோம். யார் வந்து போனார் என்று தெரிந்தது, பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்று தெரியவில்லை.

சரி, இப்போது "யார்".

பிரிட்டனில் தபால் துறை ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை 1999 முதல் கிளைகளுக்குக் கொடுத்தது. செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. கணக்கில் துண்டு விழுகிறது என்று கிளை நடத்தியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தது பாதிக் கதை. மீதிக் கதை நமக்கு வேண்டியது: கிளைக்காரருக்குத் தெரியாமல், ஃபுஜிட்சுவின் சப்போர்ட் ஆட்கள் தூரத்திலிருந்தே கிளைக் கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது. சில சமயம் அவை கிளைக்காரரே செய்தது போலப் பதிவாகும். அப்படிச் செய்ய வழியே இல்லை என்று தபால் துறை பல வருடம் சாதித்தது. 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம்தான் அது உண்மை என்று தீர்ப்பில் சொன்னது. பதிவு இருந்தது, அதில் இருந்த பெயர்தான் தப்பு.

உங்கள் சிஸ்டத்தில் இதே ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சப்போர்ட்டுக்கு போன் வந்தால், "அந்த யூசராக லாகின்" என்று ஒரு பட்டன் வைத்திருப்பீர்கள், எல்லோரும் வைத்திருக்கிறோம். அதில் நுழைந்து உங்கள் டீம் ஆள் ஏதாவது மாற்றினால் லாகில் யார் பெயர் வரும்? கிளை மேனேஜர் பெயர். இது ஒருக்காலும் கூடாது. உண்மையில் செய்தவர் என்று ஒரு ஃபீல்டு, யார் பேரில் செய்தார் என்று இன்னொரு ஃபீல்டு, இரண்டும் வேண்டும். சாதாரண நேரத்தில் இரண்டாவது காலியாக இருக்கும்.

அடுத்து, பின்னணி வேலைகள். ராத்திரி வட்டி ஏற்றும் ஜாப் ஓடுகிறது. அதற்கு யூசர் கிடையாது என்பதால் சிலர் அட்மின் யூசரின் ஐடியைப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மனிதர், ஜாப், வெளி ஏபிஐ, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் நிரல்) என்று செய்தவரின் வகையைத் தனியாக எழுதுங்கள். மேனேஜர் ஒரு பட்டனை அழுத்தியதால் அந்த ஜாப் கிளம்பியது என்றால், அழுத்தியவரின் ஐடியையும் ரிக்வெஸ்ட் ஐடியையும் க்யூவில் (ஜாப்கள் காத்திருக்கும் வரிசை) போடும்போதே கூடவே அனுப்புங்கள். ஜாப் ஓடும் நேரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

யூசரின் ஐடியோடு அப்போதைய பெயர், பொறுப்பு, கிளை மூன்றையும் லாகிலேயே நகலாக வையுங்கள். இரண்டு வருடத்தில் அவர் வேறு கிளைக்கு மாறியிருப்பார், மேனேஜர் ஆகியிருப்பார், வேலையை விட்டும் போயிருப்பார். யூசர் டேபிளோடு ஜாயின் செய்தால் இன்றைய பொறுப்புதான் வரும். அன்றைக்கு அவர் கேஷியராக இருந்துகொண்டு தள்ளுபடிக்கு ஒப்புதல் கொடுத்தார் என்ற விஷயமே மறைந்துவிடும்.

கோடால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கிளைகளில் ஒரே லாகினை மூன்று பேர் பயன்படுத்துவார்கள். பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அங்கே நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக லாக் எழுதினாலும் "கவுண்டர் 1 மாற்றியது" என்றுதான் வரும். இதை நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எடை திருத்தம், தள்ளுபடி போன்ற நாலைந்து காரியங்களுக்கு மட்டும் மறுபடி பின் நம்பர் கேட்பது நடைமுறையில் ஓரளவு உதவும். எல்லாவற்றுக்கும் கேட்டால் அந்தப் பின்னும் மானிட்டரில் ஒட்டப்படும்.

"யார்" முடிந்தது, "ஏன்" என்பதற்கும் ஓர் இடம் கொடுங்கள். எடை திருத்தினால் காரணம் கேட்கும் பெட்டி வர வேண்டும். வெறும் பெட்டி வைத்தால் புள்ளி வைத்து சேவ் செய்வார்கள். அதனால் "தராசு மறுபரிசோதனை", "தட்டச்சுப் பிழை", "கல் எடை திருத்தம்" என்று ஐந்தாறு காரணங்களைத் தேர்ந்தெடுக்கக் கொடுத்து, "மற்றவை" என்றால் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

நேரம் பற்றி இரண்டே விஷயம். யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள், காட்டும்போது ஐஎஸ்டி ஆக்கிக்கொள்ளலாம். அப்புறம், போஸ்ட்கிரெஸின் "நவ்" ஃபங்ஷன் கொடுப்பது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். நீண்ட ஜாப் ஒன்றில் முதல் கடனுக்கும் ஆயிரமாவது கடனுக்கும் ஒரே நேரம் விழும். அந்தந்தக் கணத்தின் நேரம் வேண்டுமென்றால் "கிளாக்_டைம்ஸ்டாம்ப்" எடுங்கள். நாள் முடிப்புக்குப் பிறகு நேற்றைய தேதியில் பதிவு போடும் வசதி இருந்தால், கணக்குத் தேதி வேறு, உண்மையில் செய்த நேரம் வேறு. இரண்டையும் வையுங்கள். ஆடிட்டர் முதலில் தேடுவது இந்த இரண்டும் ஒத்துப்போகாத பதிவுகளைத்தான்.

இனி, எங்கே எழுதுவது. ஜாங்கோவில் பலரும் முதலில் கைவைப்பது சிக்னல்கள், அதாவது ஒரு ரெக்கார்டு சேவ் ஆகும்போது ஜாங்கோ கொடுக்கும் அறிவிப்புகள். ஜாங்கோ-ஆடிட்லாக் போன்ற லைப்ரரிகளும் பெரும்பாலும் இதைத்தான் நம்புகின்றன. சேவ் கூப்பிட்டால் சிக்னல் வரும். ஆனால் குவெரிசெட்டின் அப்டேட் மூலம் (பல ரெக்கார்டுகளை ஒரே கட்டளையில்) மாற்றினால் சேவ் சிக்னல் வராது. பல்க் கிரியேட், பல்க் அப்டேட்டுக்கும் வராது. ஜாங்கோவைப் போன்ற வேறு கட்டமைப்பான ரெயில்ஸில் அப்டேட்_ஆல் கால்பேக்குகளைத் தாண்டிப் போவதும், லாரவெலில் மொத்தமாக அப்டேட் செய்தால் மாடல் ஈவென்ட் கிளம்பாததும் இதே குடும்பத்து வியாதிதான். வேகமாக ஓடட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஒருவர் லூப்பை எடுத்துவிட்டு ஒரே அப்டேட்டாக மாற்றுவார். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். அன்று முதல் அந்த இடத்தில் ஆடிட் லாக் இல்லை; யாருக்கும் தெரியவும் தெரியாது.

டிரிக்கர் இந்த விஷயத்தில் ஏமாறாது. யார் எந்த வழியில் மாற்றினாலும், நேராக பிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரை) நுழைந்து மாற்றினாலும், டேபிளில் கை வைத்தால் பதிவு விழும். பழைய ரெக்கார்டையும் புதிய ரெக்கார்டையும் ஜேசன்பி (போஸ்ட்கிரெஸ் ஜேசனைச் சேமிக்கும் வடிவம்) ஆக்கி, மாறிய ஃபீல்டுகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் டிரிக்கருக்கு மனிதர்களைத் தெரியாது. அதன் கண்ணுக்கு எல்லாமே உங்கள் அப்ளிகேஷனின் ஒரே டேட்டாபேஸ் யூசர்தான். "நிகர எடை 23.4-லிருந்து 21.9" என்று சொல்லும், அது தராசு மறுபரிசோதனையா, கைமாற்றா என்று சொல்லாது.

அதனால்தான் இரண்டு டேபிள் சொன்னேன். நடந்த காரியத்தின் பெயர், காரணம், செய்தவர் எல்லாவற்றையும் உங்கள் சர்வீஸ் ஃபங்ஷன் முதல் டேபிளில் எழுதுகிறது. டிரிக்கர் இரண்டாவதில் எழுதுகிறது. இரண்டையும் இணைப்பது ரிக்வெஸ்ட் ஐடி. டிரான்சாக்‌ஷன் தொடங்கியதும் "செட் லோக்கல்" (அது முடியும் வரை மட்டும் நிற்கும் மதிப்பு) கொடுத்து ரிக்வெஸ்ட் ஐடியையும் யூசர் ஐடியையும் வைத்துவிடுங்கள். டிரிக்கர் "கரண்ட்_செட்டிங்" மூலம் அதை எடுத்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: டிரிக்கர் எழுதியதில் ரிக்வெஸ்ட் ஐடி காலியாக இருந்தால், யாரோ பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். ரிக்வெஸ்ட் ஐடி இருந்தும் முதல் டேபிளில் ஜோடி இல்லையென்றால், உங்கள் டீமில் யாரோ ஒருவர் லாக் எழுத மறந்த ஒரு ஃபங்ஷனை வெளியிட்டிருக்கிறார். தினமும் காலையில் இந்த இரண்டு கணக்கும் மெயிலில் வரட்டும். ஆடிட் லாகில் உள்ள ஓட்டைகளை அதுவே காட்டிக்கொடுக்கும்.

"லோக்கல்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிஜிபவுன்சரை (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் கருவி) டிரான்சாக்‌ஷன் பூலிங்கில் ஓட்டினால், வெறும் "செட்" கொடுத்த மதிப்பு கனெக்‌ஷனிலேயே தங்கி, அடுத்து அந்தக் கனெக்‌ஷனை எடுக்கும் ரிக்வெஸ்டுக்குப் போய்விடும். ஒருவர் செய்தது இன்னொருவர் பேரில் விழும். ஹொரைசன் கதையை நீங்களே உங்கள் வீட்டில் நடத்தியதாக ஆகிவிடும்.

கையால் எழுத நேரமில்லை என்றால் ஜாங்கோ-பிஜிஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. அதுவும் டிரிக்கர் போட்டு, மிடில்வேரிலிருந்து யூசர் விவரத்தைக் கூட அனுப்புகிறது. இரண்டாவது டேபிளுக்கு அது போதும். முதல் டேபிளை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் தொழிலின் சொற்கள் எந்த லைப்ரரிக்கும் தெரியாது.

அதே டிரான்சாக்‌ஷனில் எழுதச் சொன்னேன் அல்லவா? தனி மாங்கோவில் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் கமிட் ஆகி (நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டு), மாங்கோவில் எழுதும் முன் சர்வர் விழுந்தால் மாற்றம் இருக்கும், சாட்சி இருக்காது. வரிசையை மாற்றி முதலில் மாங்கோவில் எழுதினால், அசல் மாற்றம் ரோல்பேக் ஆகும்போது (ரத்தாகும்போது) நடக்காத ஒன்றுக்குச் சாட்சி இருக்கும். ஒரே டிரான்சாக்‌ஷன் என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கும், அல்லது இரண்டும் இருக்காது. லாக் எழுத முடியாவிட்டால் எடைத் திருத்தமும் நடக்காது. நடக்கவும் கூடாது. "லாக் எழுதுவதில் எக்ஸெப்ஷன் வந்தால் பிடித்து விழுங்கிவிடலாம்" என்று கோடு ரிவ்யூவில் யாராவது சொன்னால் விடாதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் நிறையப் பேர் மாட்டுவார்கள். அனுமதி மறுக்கப்பட்ட முயற்சியும், தோற்றுப்போன லாகினும் பதிவாக வேண்டும். ஆனால் அனுமதி இல்லை என்று எக்ஸெப்ஷன் எறிந்தால் டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகும். அதோடு நீங்கள் எழுதிய லாகும் போய்விடும். ஜாங்கோவின் அட்டாமிக் ரிக்வெஸ்ட்ஸ் (ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனாக ஓட்டும் செட்டிங்) ஆன் செய்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். ஆகவே நடந்த காரியங்கள் அதே டிரான்சாக்‌ஷனில், மறுக்கப்பட்டவை தனி கனெக்‌ஷனில்.

வேகம் பற்றிப் பயப்படுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினோரு கிளை, கிளைக்கு ஒரு நாளைக்கு 150 பரிவர்த்தனை, ஒவ்வொன்றுக்கும் நாலு பதிவு என்று தாராளமாக வைத்தாலும் 6,600 பதிவு. ஒரு பதிவு ஒரு கேபி என்றால் நாளுக்கு 6.6 எம்பி, 300 வேலை நாளுக்கு இரண்டு ஜிபிக்குள். என் போனில் இருக்கும் கல்யாண வீடியோ இதைவிடப் பெரியது. மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் தனித் துண்டு), நேரத்துக்கு ஒரு பிரின் இண்டெக்ஸ் (இடம் குறைவாகப் பிடிக்கும் தேடல் அட்டவணை), கடன் எண்ணுக்கு ஒரு சாதாரண இண்டெக்ஸ், போதும். ஜேசன்பி முழுவதற்கும் ஜின் இண்டெக்ஸ் (உள்ளே இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் தேட உதவும் வகை) போடாதீர்கள். எழுதும் வேகம் அதில்தான் அடிபடும், யாரும் அப்படித் தேடவும் மாட்டார்கள்.

அடுத்தது, லாகையே ஒருவர் திருத்தினால்? 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்தது நினைவிருக்கலாம். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கிலிருந்து 951 மில்லியன் டாலரை நகர்த்த முயன்றார்கள்; 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போயே போய்விட்டது. திருடர்கள் ஸ்விஃப்ட் (வங்கிகள் பணம் அனுப்பும் செய்தி வலையமைப்பு) சர்வரில் வைத்த நிரல், தாங்கள் அனுப்பிய செய்திகளின் தடயங்களை உள்ளூர் டேட்டாபேஸிலிருந்தே அழித்தது. உறுதிச் செய்திகள் பிரிண்டரில் வராமலும் தடுத்தது. பணம் அனுப்பும் உரிமை எந்த மெஷினில் இருந்ததோ, அதே மெஷினில்தான் சாட்சியும் இருந்தது.

உங்கள் அளவுக்கு இதில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆடிட் டேபிள்களின் உரிமையாளர் வேறொரு டேட்டாபேஸ் ரோலாக இருக்கட்டும். மைக்ரேஷன் ஓட்டும் யூசரும் அப்ளிகேஷன் ஓடும் யூசரும் ஒன்றாக இருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். உரிமையாளருக்குத் தடை போட முடியாது, அவரே எடுத்துவிடலாம். ரெக்கார்டு டிரிக்கர் டிரன்கேட்டுக்கு (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) கிளம்பாது என்பதையும் மறக்காதீர்கள். அந்த அனுமதியையும் எடுங்கள். சூப்பர் யூசர் நினைத்தால் டிரிக்கரையே ஊமையாக்கலாம். அவரைத் தடுக்க டேட்டாபேஸுக்குள் வழியில்லை, அதனால் நகல் வெளியே போக வேண்டும். அமேசானின் எஸ்3 ஃபைல் சேமிப்பில் ஆப்ஜெக்ட் லாக் (ஃபைலைப் பூட்டும்) வசதியை கம்ப்ளையன்ஸ் மோடில் வைத்தால், சொன்ன காலம் முடியும் வரை அக்கவுண்டின் ரூட் யூசராலும் அந்த ஃபைலை அழிக்க முடியாது. பழகிப் பார்க்கும்போது ஒரு நாள் என்று வையுங்கள். தெரியாமல் பத்து வருடம் போட்டுவிட்டால் பத்து வருடமும் பில் வரும்.

ஹேஷ் சங்கிலி போட வேண்டுமா என்றும் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, சேர்ப்பது. கேட்க நன்றாக இருக்கும். இரண்டு டிரான்சாக்‌ஷன் ஒரே நேரத்தில் கடைசி ஹேஷைப் படித்தால் சங்கிலி இரண்டாகப் பிரியும். அதைத் தடுக்கப் பூட்டு (lock) போட்டால் எல்லா கிளையும் ஒரே வரிசையில் நிற்கும். நாள் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அன்றைய பதிவுகளை ஒரு ஃபைலாக எடுத்து, நேற்றைய ஹேஷையும் சேர்த்து ஷா-256 (ஹேஷ் கணக்கிடும் முறை) போட்டு, அந்த 64 எழுத்தை ஆடிட்டருக்கு மெயில் அனுப்பினால் ஏறக்குறைய அதே பலன். ஹேபர், ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991-ல் இந்த யோசனையை எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாராவாரம் அப்படி ஒரு ஹேஷை நியூயார்க் டைம்ஸின் சிறு விளம்பரப் பகுதியில் வெளியிட்டது. பிளாக்செயின் என்ற சொல் பிறப்பதற்கு முன்னால். அச்சான பத்திரிகையின் எல்லாப் பிரதியையும் யார் போய்த் திருத்துவது? உங்களுக்கு ஆடிட்டரின் இன்பாக்ஸ் போதும். இதற்கென்றே தனி டேட்டாபேஸ் வாங்கலாமா என்றால், அமேசான் கியூஎல்டிபி என்று ஒன்றை 2019-ல் முழுமையாக வெளியிட்டு, 2025 ஜூலையில் மூடிவிட்டது. நம்பிப் போனவர்கள் திரும்ப வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

ஓர் எச்சரிக்கை. பதிவு எண்களில் நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தால் யாரோ அழித்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். ரோல்பேக் ஆனாலும் சீக்வென்ஸ் (பதிவு எண் கொடுக்கும் எண்ணி) பின்னால் போகாது. அதனால் இடைவெளி சகஜம். ஆடிட்டருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் வீண் பஞ்சாயத்து.

லாகில் எதைப் போடக் கூடாது என்பது சின்ன விஷயம், ஆனால் விலை பெரியது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி பயனாளர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. மறைக்கப்படாத பாஸ்வேர்டுகள் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. யாரும் திருடவில்லை, தாங்களே எழுதிவைத்துக்கொண்டது. டிரிக்கர் ரெக்கார்டு முழுவதையும் எடுக்கும் என்பதால் பாஸ்வேர்டு ஹேஷ், ஓடிபி, முழு ஆதார் எண் எல்லாம் தன்னால் உள்ளே போகும். விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடாதீர்கள், சேர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள். நாளை புதிதாக ஒரு ஃபீல்டு சேர்ப்பவருக்கு விலக்கும் பட்டியல் நினைவுக்கு வராது. ஆதார் மாறியது என்று தெரிந்தால் போதும், கடைசி நாலு இலக்கம் வையுங்கள்.

எத்தனை நாள்? உங்கள் வாடிக்கையாளர் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து அவர்களுடைய கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. வருடம் முழுக்க அது ஓடியதா, யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். உங்களிடம் இந்தக் கேள்வி வந்ததற்கே இது காரணமாக இருக்கலாம். ஆகவே செட்டிங்ஸில் "ஆடிட் லாக் ஆன்/ஆஃப்" என்று சுவிட்ச் வைக்காதீர்கள், உங்கள் வசதிக்குக்கூட. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதே சட்டம். எடை, தள்ளுபடி, வட்டித் திருத்தங்களை அதோடு சேர்த்து எட்டு வருடம் வையுங்கள். சர்வர், லாகின் லாக்குகள் வேறு: செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி குறைந்தது 180 நாள். சர்வர் கடிகாரங்கள் என்டிபி (நெட்வொர்க் வழி நேரத்தை ஒத்திசைக்கும் முறை) மூலம் சரியாக ஓட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. "யார் எந்த வாடிக்கையாளரைத் திறந்து பார்த்தார்" என்ற பதிவு சீக்கிரம் பெருகும். அதற்குத் தனி டேபிள், ஒரு வருடம் போதும் என்று நான் நினைக்கிறேன்.

எழுதியதைப் படிக்க ஒரு திரை கட்டாயம் செய்யுங்கள். ஜேசனை அப்படியே கொட்டினால் ஆடிட்டர் உங்களுக்குத்தான் போன் செய்வார். கடன் பக்கத்திலேயே "வரலாறு" என்று ஒரு தாவல், அதில் "12 மார்ச், மாலை 6:40, நிகர எடை 23.4 → 21.9, கேஷியர், காரணம்: கல் எடை திருத்தம்" என்று ஒரு வரி. கிளை ஆட்கள் இதைப் பார்க்க முடிந்தால் பாதித் தகராறு உங்களிடம் வராமலே தீரும்.

தொடங்கும்போது மூன்று டேபிள் போதும்: கடன், நகை, தள்ளுபடி. டிரிக்கரை ஆன் செய்யும் நாளில், அப்போதைய எல்லா ரெக்கார்டையும் "தொடக்க நிலை" என்ற பெயரில் ஒருமுறை பதிந்துவிடுங்கள், செய்தவர் இடத்தில் மைக்ரேஷன் என்று போட்டு. பழைய டேபிள்களில் "கடைசியாகத் திருத்தியவர்" என்ற ஃபீல்டு இருக்கிறதே, அதை வைத்துப் பழைய வரலாற்றைக் கட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அது கடைசியாக சேவ் செய்தவர். எடையை மாற்றியவராக இருக்க வேண்டியதில்லை.

அந்த 21.9 கிராம் விஷயம் மட்டும் பாக்கி. தினசரி பேக்அப் இருக்கிறதா? கடன் கொடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் உள்ள ஒரு பேக்அப்பை வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து எடையைப் பாருங்கள். 23.4 என்றால் அதற்குப் பிந்தைய பாதியில், 21.9 என்றால் முந்தைய பாதியில் என்று பாதி பாதியாகக் குறைத்தால், ஒரு வருட பேக்அப்பிலும் ஒன்பது முறைக்குள் மாறிய நாள் தெரிந்துவிடும். அந்த நாளின் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) லாக் இன்னும் இருந்தால் எந்தக் கிளையின் ஐபியிலிருந்து வந்தது என்பதும் தெரியலாம். லாக் சுழன்று அழிவதை இன்றைக்கே நிறுத்திவிட்டு அப்புறம் தேடத் தொடங்குங்கள்.